மாமா செய்த கட்டைகள்

என் தங்கைக்கு எட்டு வயதாகியும் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை. கரமனையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்ததோடு சரி. தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாள். யாரோ சொல்லி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அம்மா அவளைக் கூட்டிப் போனாள். சென்ட்ரிங் வேலை பார்த்த மாமா அன்று வேலைக்குப் போகாமல் கூடவே வந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

வராந்தாவில் டயரைக் கட்டி ஊஞ்சல் போட்டிருந்தார்கள். யார் தொட்டாலும் கத்துகிற தங்கை, அங்கிருந்த ஆயா ஆட்டிவிட்டபோது சத்தம் போட்டுச் சிரித்தாள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு டீச்சர் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பார். மேஜையில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைப் பரப்பி, அட்டையில் இருந்த படம்போல் அடுக்கச் சொன்னார். பிறகு படங்களைக் காட்டி எது எது என்று கேட்டார். தங்கை கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். அடுத்தவர் சாமானைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அம்மா பஸ்ஸில்தான் சொல்லியிருந்தாள். பிழைக்க வந்த மலையாள ஊரில் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் முதல் பாடம்.

அம்மா இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார். "இன்னைக்குப் பாத்தது கணக்கில்லை. கொஞ்ச மாசம் கழிஞ்சு வாங்க. இது ஜெயிக்கிற பரீட்ச அல்ல கேட்டோ. இவளுக்கு எது வரும், எது வராதுன்னு இதே வயசுப் பிள்ளைகளோட ஒத்து நோக்கத்தான்."

மாமா காதில் அது ஏறவில்லை. "நம்ம பிள்ள தோத்துட்டுல்லா வந்திருக்கு! அடுத்த தடவ விடமாட்டேன் பாத்துக்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா கெட" என்றார் மாமா.

பலகைத் துண்டுகளை அளந்து அறுத்து, ஒரு பக்கம் தரைக்குப் பூசும் சிவப்பும் மறு பக்கம் சுண்ணாம்பும் அடித்தார். அட்டையில் பார்த்த படங்களை நினைவிலிருந்தே சுவரில் கரியால் வரைந்தார். தினமும் வேலை முடிந்து வந்து குளிக்கக்கூட மாட்டார். தங்கையின் கையைப் பிடித்து அடுக்க வைப்பார். அவள் தட்டிவிடுவாள். திரும்ப அடுக்குவார். சரியாக வைத்தால் டீக்கடையில் வாங்கிய வாழைப்பழ பஜ்ஜியில், அந்த ஊர்ப் பழம்பொரியில், ஒரு துண்டு. "வையிட்டி, என் ராசாத்தி!" என்று லைன் முழுக்கக் கேட்கும். டீச்சர் படம் காட்டிக் கேட்ட கேள்விகளுக்கும் எந்தப் படத்தில் விரலை வைக்க வேண்டும் என்று பழக்கினார். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

மறுபடி போனபோது கட்டைகளைக் கண்டதுமே தங்கை கை நீட்டினாள். டீச்சர் சொல்லி முடிக்கும் முன்பே அடுக்கிவிட்டுப் பழம்பொரிக்காக மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

டீச்சர் யோசனையாகக் கேட்டார். "வீட்டுல யாராவது படிப்பிச்சோ?"

"அய்யோ, இல்லீங்க டீச்சர். அது தன்னால வந்த புத்தி."

டீச்சர் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இத்தனை செய்யுற குட்டிக்கு இங்க எடம் தர முடியாது. இவ சாதா ஸ்கூலிலயே படிக்கட்டு" என்றார்.

மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கு வலிக்கவேயில்லை. நான் எந்தப் பரீட்சையிலும் வாங்காத பேரைத் தங்கை வாங்கிவிட்டாள் அல்லவா!

தங்கை நேராக ஊஞ்சலுக்கு ஓடினாள். கிளம்பும்போது கயிற்றை விடவில்லை. ஆயாவும் மாமாவும் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பஸ் முழுக்க அவள் அலறல். "பாஸான பிள்ள அழலாமா?" என்று மாமா கொஞ்சினார்.

அம்மா சொன்னாள். "அண்ணே, அடுத்த வருசம், இதெல்லாம் இவ மறந்த பிறகு, நான் மட்டும் கூட்டிட்டு வாரேன். அந்த டீச்சர்ட்ட உள்ளதச் சொல்லுவேன். நீ வேலைக்குப் போ."

"பாஸான பிறகு எதுக்குட்டி இன்னொருக்க?"

அம்மா வீட்டுக்கு வந்ததும் கட்டைகளை எல்லாம் அள்ளி அடுப்பில் வைத்து உலை ஏற்றினாள். இத்தனை நல்ல கட்டைகளை, அதுவும் ஜெயித்த கட்டைகளை, ஏன் எரிக்கிறாள் என்று நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.