அலுவலக ஸ்கேல்

பெரு நாட்டின் ஹுலியாக்கா ஊரில் நானும் நில்டாவும் ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர்கள். அவளுக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமென்றால் பிப்ரவரி பாதிக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். பட்டத்துக்கு, ஆய்வேட்டில் பல்கலைக்கழக நூலகத்தின் முத்திரை வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியரோ லாடெக்கில் அடித்தால்தான் படிப்பேன் என்றுவிட்டார். அதில் பின்னம் எங்கே, வர்க்கமூலம் எங்கே என்று கட்டளைகளாக எழுதினால் கணினி தானே பக்கத்தை அமைத்துத் தரும். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தாலும் மொத்தமும் படுத்துவிடும். இன்டர்நெட் கடையில் கோகா இலைத் தேநீரோடு உட்கார்ந்து, "எந்தப் படுபாவிடி இதக் கண்டுபிடிச்சான்?" என்று திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள். முதல் சமன்பாடு திரையில் ஒழுங்காக வந்து நின்றபோது கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

ஜனவரி கடைசியில் இருவரும் பல்கலைக்கழகம் இருக்கும் புனோவுக்கு பஸ் பிடித்தோம். நூலகத்தில் முத்திரை போடும் ஒர்ட்டென்சியா அம்மாள் பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பைத் தாளின் விளிம்போடு சேர்த்து வைத்தார்.

"இடது பக்கம் நாலு சென்டிமீட்டர் விடணும். மூணு புள்ளி ஆறுதான் இருக்கு. திருத்திட்டு வாங்க."

"நாலுன்னுதாம்மா குடுத்திருக்கேன். கம்ப்யூட்டர் தப்பாப் போடாது."

"முத்திரை குத்துறது கம்ப்யூட்டர் இல்ல, நான்."

எட்டிப் பார்த்தேன். அந்த ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் தொடங்குகிறது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பூஜ்யத்துலேருந்து அளங்கம்மா! பட்டம் குடுக்குற இடத்துல அளக்கத் தெரியாதா?"

"இருபது வருஷமா இப்படித்தான் அளக்குறேன். எல்லாரும் திருத்திட்டுத்தான் வந்தாங்க."

எல்லாரும்! என் அண்ணன் தன் ஆய்வேட்டின் அவ்வளவு பக்கத்தையும் மறுபடி டைப் அடித்தானே, அவனும் அதில் ஒருவன். வயிறு எரியாதா?

நில்டா என் கையை அழுத்திவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் ஒரே ஒரு வரியில் 4 என்பதை 4.4 ஆக்கினாள். எல்லாப் பக்கமும் தானாகவே நகர்ந்துகொண்டது.

"பொய்க்கு ஏன்டி குனியுற?"

"ஒரு வரிதான்டி பொய். மிச்சமெல்லாம் நான் எழுதுனது."

அச்செடுத்துத் திரும்புவதற்குள் கதவைப் பூட்டிவிட்டார்கள். கண்டெலாரியா மாதா திருவிழா; இனி ஆட்டமெல்லாம் ஓய்ந்துதான் திறப்பார்களாம். ஊரே வேஷம் கட்டி ஆடியது. அதற்குள் தேதி முடிந்து, அவளுடைய வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. கணக்கில் அவன் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

திறந்த அன்று மறுபடி போனோம். ஒர்ட்டென்சியா அம்மாள் அளந்தார், முகம் மலர்ந்தது, முத்திரை விழுந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? கண்டிப்பா இருந்தாத்தான் ஒழுங்கு வருது."

நில்டா அந்த ஸ்கேலை எடுத்தாள், முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து மேசையில் போட்டாள். நான் கைதட்டியே விட்டேன்.

ஒர்ட்டென்சியா அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை டிராயரை இழுத்தார். உள்ளே அதே ஸ்கேல்கள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றை உருவிக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.