அமாவாசைக்கு அமாவாசை வந்த எம்.எல்.ஏ.

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி கிணுகிணுத்தது. எங்கள் எம்.எல்.ஏ.வின் வாட்ஸ்அப் குழுவில் இந்த மாத வீடியோ வந்திருந்தது. நீங்களும் இப்படி ஏதாவது ஒரு குழுவில் இருப்பீர்கள். உங்களை யார் சேர்த்தார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது. பின்னணியில் மேளம், மேலேயிருந்து பறந்து எடுத்த ஏரி, சட்டசபையில் கைத்தறிக்காகப் பேசிய ஒரு துண்டு, சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு, இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா, கடைசியில் புது டவுன் பஸ்ஸுக்குக் கொடியசைப்பு. வாயில் நுரையோடு நின்று முழுவதையும் பார்த்தேன்.

அவ்வளவு அக்கறை ஏன் என்றால், இந்த வேலையை ஒரு காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். வீடியோ இல்லை, மேளம் இல்லை. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா திரிந்தவனை அப்போதைய எம்.எல்.ஏ. தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். ஆரணியில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே மாடியறை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அதில் நாற்காலி ஒன்று ஆடும், மின்விசிறி ஆடாது. அம்மா சொந்தக்காரர்களிடம் எனக்குச் சட்டசபையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் மைக்கையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவதுதான் என் உத்தியோகம். பேட்டரி திரவம் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அந்த மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. வெற்றிலையும் கிராம்பும். அவர் பேசப்பேச அதுவும் மென்றுகொண்டிருந்ததோ என்னவோ. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலை போட்டால் என் கை தானாகப் பேட்டரியைத் தேடுகிறது.

கட்சிக்கு வருமுன் அவர் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிவரை அவர் மளிகைக்காரர்தான். கடைக்காரர் இல்லையா, சரக்கைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. மாதம் ஒருமுறை ஊர் ஊராகப் போய், சட்டசபையில் என்ன கேட்டார், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று நேரில் சொல்லிவிட்டு வருவார். சேவூரைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் பிடித்து வைத்திருந்த நாள் அமாவாசை. காரணம் எளிது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்தில் குழாய் ஸ்பீக்கரே வாயடைத்துப் போகும். அமாவாசையன்று மட்டும் தறிக்கு லீவு. குளித்துமுடித்து, படையல் போட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுச் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் வந்து உட்காருவார்கள். வேறு ஊர்களில் அமாவாசைக்கு அமாவாசை வருகிறவர் என்றால் கேலி. எங்கள் ஊரில் அது அவருக்கு நற்சான்று.

வந்து உட்காருவார்களே தவிர, கொள்கை விஷயம் தொடங்கினால் ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள்.

"தோ, பட்டு வரியப் பத்திப் பேசிகினு இருக்கேன், எழுந்து போறிங்களே! உக்காருங்க. அடுத்தாப்ல யார் வூட்டுக் கல்யாணம்னு சொல்லப் போறேன்" என்று மைக்கிலேயே அதட்டுவார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வரியையும் கல்யாணத்தையும் கலந்து கட்டினார். "விசைத்தறிக்குக் கரண்டு கேட்டேன், அமைச்சர் ஆவன செய்றேன்னு சொல்லியிருக்கார். தண்டபாணி வூட்டு ஆட்டக் காணோம், காதுல செவப்புக் கயிறு கட்டியிருக்கும். ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் வருது. வர்ற புதன்கிழம நம்ம சாயக்கார கோவிந்தன் பொண்ணுக்கு வளைகாப்பு." இந்த உள்ளூர் சரக்கை வீடு வீடாகச் சேகரித்துக் கொடுப்பதும் என் வேலைதான். இதனால் ஊர்க்கதை அத்தனையும் எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு இருந்தது. ஒருமுறை அவர் அமைச்சர் பதிலை உருக்கமாக விளக்கிக்கொண்டிருக்க, கூட்டத்தில் ஓர் அம்மாள், "அமைச்சர் கெடக்கட்டும், ஆடு கெடைச்சுதா?" என்றாள். கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் அறிவித்தோம்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் செல்வி எழுந்து நின்றாள். அவள் அப்பா முருகேசன் கூலி வேலைக்குப் போகிறவர், கையகல நிலம்கூடக் கிடையாது. இவளுக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தினமும் காலையில் அண்ணன் மொபெட்டில் ஆரணிக்குக் கொண்டுபோய் விட, அங்கிருந்து வேலூர் பஸ் பிடிப்பாள். அந்த அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை கிடைத்து மொபெட்டோடு போய்விட்டான்.

"சார், காத்தால எங்க ஊருக்கு ஒரு பஸ் வுடுங்க. ஏழு மணிக்கு நான் ஆரணில வேலூர் பஸ் ஏறணும்" என்றாள் செல்வி.

முருகேசன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பஸ் வந்தா படிக்கட்டுங்க. இல்லாங்காட்டி மாப்ள பாத்து முடிச்சிடறேன். இருட்டோட பொண்ண தனியா நடக்க வுட முடியாது. ரெண்டு மாசம் பாப்பேன். அதுவரிக்கும் நானே சைக்கிள்ல வச்சி மிதிக்கிறேன்."

எம்.எல்.ஏ. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அடுத்த அமாவாசைக்கி உனுக்குப் பதில் சொல்றேம்மா" என்றார். சொன்னார், கோப்பு ஒரு மேசைக்குப் போயிருக்கிறது என்று. அதன்பிறகு அந்தக் கோப்பு எங்கள் ஊருக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் என்னை நிறுத்தி, "கோப்பு எங்க வந்துகினு இருக்குது?" என்று கேட்பார்கள். நானும் பெரிய மனிதன் தோரணையில், "வேலூரத் தாண்டிடுச்சி" என்பேன். பாவம், முருகேசன் அதையும் நம்பி இன்னும் நாலு நாள் மிதிப்பார்.

சொன்ன கெடு முடிவதற்குள் பஸ் வந்துவிட்டது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. தொடங்கி வைக்க எம்.எல்.ஏ.வே நாள் குறித்தார். நிறைந்த நாள், ஊர் மொத்தமும் ஓய்வாக இருக்கும் நாள். வேறென்ன, அமாவாசைதான். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

வாழைமரம் கட்டினோம். மாவிலைத் தோரணம், தவில், பூசணிக்காய் எல்லாம் தயார். விடிவதற்குள் ஊரே தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றது. டிரைவருக்கு மாலை, கண்டக்டருக்குச் சால்வை. பஸ் கண்ணாடியில் யாரோ பக்தியோடு சந்தனத்தை அப்ப, டிரைவருக்குச் சாலை தெரியவில்லை; துடைக்க ஒரு வேட்டி தேவைப்பட்டது. ஆரத்தி யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது பெண்கள் ஒரே குரலில், "கேட்டு வாங்கினவளே எடுக்கட்டும்" என்றார்கள். நியாயம்தானே? கல்லூரிச் சீருடையும் தோளில் பையுமாக நின்ற செல்வியின் கையில் தட்டைக் கொடுத்தார்கள்.

"ஜல்தி சார், டைம் ஆவுது" என்றார் டிரைவர். எம்.எல்.ஏ. கொடியை அசைத்தார். பஸ் புறப்பட்டது. எல்லோரும் கை தட்டினோம். செல்வி எரிகிற கற்பூரத்தோடு பஸ்ஸின் பின்னால் ஓடினாள். எத்தனை சந்தோஷம் பார் இந்தப் பெண்ணுக்கு என்று இன்னும் பலமாகத் தட்டினோம்.

சாயங்காலக் கூட்டத்தில் எம்.எல்.ஏ. பஸ் வந்த கதையை ஆதியோடந்தமாகத் தொடங்கினார். செல்வி எழுந்தாள்.

"பஸ் வந்துச்சிங்க சார். யாருமே ஏறல."

மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

"ஒரு டிக்கெட்டு போவலன்னு கண்டக்டர் ஆரணில எங்க சித்தப்பா கிட்ட சொன்னாராம். இப்டியே போனா டிரிப்ப நிறுத்திடுவாங்களாம். நான் காலேஜுக்கே போவல சார். கையில தட்டு இருந்திச்சி."

"ஒருத்தருமா ஏறல?" என்றார் அவர்.

"இன்னிக்கி அமாவாச, எங்கன்னு போறது?" என்றார் கோவிந்தன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும்தான்.

"நீங்கள்லாம் சிரிக்கிறிங்க. எங்கப்பா சிரிக்கல, பாருங்க" என்றாள் செல்வி.

திரும்பிப் பார்த்தோம். முருகேசன் தலை குனிந்து துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் படிப்பு அங்கேயே, எங்கள் கைதட்டலோடு, முடிந்துபோயிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மளிகைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எம்மேலதான் தப்பு. நாளு பாத்தேன், ஆளு பாக்கல. இப்ப சொல்லுங்க, நாளையிலேர்ந்து யார் யார் ஏறுவிங்க? கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயக்காரர்களின் கைகள் முழங்கைவரை அரக்கும் பச்சையும் கத்தரிப்பூவுமாக. நெசவாளிகளின் வெளுத்த கைகள். களத்துமேட்டிலிருந்து வந்த, முருகேசனைப் போன்ற கூலியாட்களின் வெயிலேறிய கைகள். கடைசியாக முருகேசனும் தூக்கினார்.

மறுநாளிலிருந்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரருக்கு யோகம். போக ஒரு காரணமும் இல்லாதவர்கள் ஏறிப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, சேவூர் வழியாகப் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறி, மீதித் தூரத்தை நடந்து திரும்பினார்கள். "எங்கப்பா போறிங்க இத்தினி பேரு?" என்று கண்டக்டர் கேட்டால், "சும்மாதான்" என்று பதில். கோவிந்தன் மனைவியோடு வந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் வெளியூர்ப் பயணம் என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் சொன்னாள். நானேகூட நேரத்துக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். அடுத்த அமாவாசைக்குப் பஸ்ஸில் எள் விழ இடமில்லை. செல்விக்கு உட்கார இடம் கிடைக்காமல், "ஒரே பேஜாரா பூட்ச்சிண்ணா, பரீட்சைக்குப் படிக்கணும்" என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாளே முருகேசன் முன்கூட்டி வந்து, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். மாப்பிள்ளைப் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டு தரவில்லை. அவர் மறுபடி கடையைத் திறந்தார். எனக்கு அங்கே வேலை கேட்க வெட்கமாக இருந்தது. அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். அமாவாசையன்று இப்போதும் தறி நிற்கிறது, ஆனால் யாரும் எங்கேயும் வந்து உட்காருவதில்லை. எனக்கு அவர் ரொம்பவும் வேண்டியிருக்கிறார், அதை யாரிடம் சொல்வது?

வாய் கொப்பளித்துவிட்டு வந்தால், அதே வீடியோவை செல்வியும் எனக்கு அனுப்பியிருந்தாள். வேலூரில் இப்போது அவள் பெரிய நர்ஸ். அவள் அதட்டினால் டாக்டர்களே நிற்பார்கள் என்று கேள்வி. கூடவே குரல் பதிவு: "அண்ணா, கடைசியில பஸ்ஸ நல்லா பாருங்க."

பார்த்தேன். கொடி அசைகிறது, பஸ் நகர்கிறது. வெளியே ஏகப்பட்ட பேர், ஏகப்பட்ட கைப்பேசிகள். ஜன்னல் ஜன்னலாக நிறுத்திப் பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. வீடியோவின் ஓரத்தில் இருந்த தேதியை வைத்துச் சுவர் நாள்காட்டியைப் புரட்டினேன். கொடியசைத்தது போன அமாவாசை.

உடனே குழுவுக்குப் போனேன். 'ஐயா, பஸ்ஸில் யாரும் ஏறவில்லையே' என்று எழுத விரலை வைத்தால், எழுதும் இடமே இல்லை. அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியுமாம். எங்களுக்கு விட்டிருந்தது வீடியோவுக்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் உரிமை மட்டும். நிறையப் பேர் தூக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே மஞ்சள் நிறம்.