பாயில் இருந்த ஈரம்

ரெம்பாங் கடற்கரைத் தெருவில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் ருமியாத்தி. செத்த உடம்பு கசிவதைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தன் உடம்பு கசியத் தொடங்கியதும்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது.

முதலில் தும்மினால் சொட்டியது. பிறகு கழிப்பறைக்குப் போவதற்குள்ளேயே நனைந்தது. இடுப்பில் உடுத்தும் பழைய சாரோங்கைக் கிழித்து, மடித்துக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வாடை கூடி, எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமைகளில் யாசீன் ஓதும் பெண்கள் கூட்டத்தில், கருவாடு போடும் கஸ்மினா அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருநாள் ஓதி எழுந்தபோது இருவருக்கும் நடுவே பாய் ஈரமாக இருந்தது. கஸ்மினா அதைப் பார்த்தாள், விறுவிறுவென்று போய்விட்டாள். அதோடு கூட்டத்துக்கும் வரவில்லை, ருமியாத்தியின் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. என் மூத்திர நாற்றம் அவளுக்கு ஆகவில்லை, இவ்வளவுதானா பழக்கம் என்று ருமியாத்தி வருஷக்கணக்காகக் குமுறினாள்.

ஒரு காலையில் கஸ்மினாவின் மகள் அழுதுகொண்டு வந்தாள். அம்மாவுக்கு மூத்திரத்தில் கிருமி சேர்ந்து, காய்ச்சல் முற்றி, இரண்டே நாளில் முடிந்துவிட்டதாம்.

"நீங்கதான் குளிப்பாட்டணுமாம் பெரியம்மா. நான்கூட உள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

செத்த பிறகு மட்டும் நான் வேண்டுமா என்று கறுவிக்கொண்டேதான் போனாள். திரைக்குள் கஸ்மினாவின் உடுப்பை அவிழ்த்தாள். இடுப்பில் சாரோங் கிழிசல், மடிப்பு மேல் மடிப்பாக. அதன் மேல் பிளாஸ்டிக் பை. தொடையெல்லாம் புண். அன்று பாயில் இருந்த ஈரம் யாருடையது என்று அப்போதுதான் ருமியாத்திக்கு உறைத்தது.

"அடிப்பாவி, எங்கிட்டகூடச் சொல்லலியே," என்றாள். நெஞ்சு வெடித்து அழுதாள். அந்தப் புண்களை மெல்லத் தொட்டுக் கழுவினாள். துணியைச் சுருட்டித் தன் கூடைக்குள் அடியில் மறைத்தாள். குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியே சொல்லக் கூடாது.

அம்மா உடம்பில் ஏதாவது இருந்ததா என்று மகள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, சுத்தமா இருந்தா," என்றாள்.

மறுவாரம் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் சோதித்துவிட்டு, தண்ணீரைக் குறைப்பதுதான் கெடுதல் என்றாள். மூத்திரத்தை அடக்குவது போல் கீழ்த்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் காட்டினாள். விடாமல் செய்தால் நிறையப் பேருக்குக் குறைகிறதாம்.

"உங்க வயசுல இது பல பேருக்கு உண்டும்மா. கூட்டாளிங்க யாருக்காச்சும் இருந்தா அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க."

ருமியாத்தி சொல்ல வாயெடுத்தாள்.

"யாருமில்ல," என்றாள்.