மிளகு மூட்டை இருந்த அறை

உக்குவெலையில், மிளகு வியாபாரி அப்துல் ஸமத்தின் வீட்டைக் காலையில் கூட்டுவது மகள் ஸஹ்னா. விறாந்தை, ஹோல், இரண்டு படுக்கையறை, குசினி எல்லாம் அவள் பொறுப்பு. குசினியோடு ஒட்டிய சின்ன அறையை மட்டும் அவள் தொடுவதில்லை. அதை உம்மா நஸ்மியாதான் கூட்டுவார். முழங்கால் வலிக்காரர், ஆனாலும் குந்திக்கொண்டு, ஈர்க்குமாற்றால் மூலை மூலையாக இழுத்து வாசலுக்குக் கொண்டுவருவார். தூசியோடு இன்றைக்கும் இரண்டு மூன்று மிளகு மணி வரும். தரை வெடிப்புகளுக்குள் அவ்வளவு காலத்து மிளகு கிடக்கிறது. ஊதிப் பார்த்து, நல்லதாக இருந்தால் குசினி டப்பாவில் போட்டுக்கொள்வார்.

அந்த வீட்டில் மிளகுக்குத்தான் முதல் மரியாதை. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் ஸமத் வாங்கிவரும் மிளகும் கராம்பும் நேரே அந்தச் சின்ன அறைக்குப் போகும். அடுப்பின் பின்சுவர்தான் அந்த அறைக்கும் சுவர். எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே ஈரம் ஏறாது, மிளகில் பூசணம் பிடிக்காது. வீட்டில் நன்றாகக் காய்ந்திருக்கும் அறை அது ஒன்றுதான். அதனால் மனிதர் யாருக்கும் அது கிடைக்கவில்லை.

நஸ்மியாவுக்கும் ஓர் அறை இருந்தது, ஸஹ்னாவின் கலியாணம் வரைக்கும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது அவர்கள் குடும்ப வழக்கம். மாப்பிள்ளை ஹுசைன் வந்தபோது பெரிய அறையை மகளுக்குக் கொடுத்தார்கள். மற்ற அறையில் மகன் ஸப்வான் இருந்தான். ஸமத்தும் நஸ்மியாவும் ஹோலில் அலுமாரியை இழுத்து மறைப்பாக வைத்து, அதன் பின்னால் படுத்தார்கள். அதில் யாருக்கும் குறை இல்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். நஸ்மியா தொழுவதும் அந்த இடுக்கில்தான். வாசலில் ஆள் சத்தம் கேட்டால், தொழுது முடித்த கையோடு விரித்துத் தொழும் முஸல்லாவை மடித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார். முப்பது வருடம் அந்த வீட்டில் அவர் எதையும் விரித்தபடி விட்டதில்லை.

ஸமத் மௌத்தான பிறகுதான் அவருக்கு ஒரு கதவு கிடைத்தது. கணவனை இழந்த பெண் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும், நாலு மாதம் பத்து நாள். படுக்கையறை இரண்டுமே ஹோலைப் பார்த்துத் திறப்பவை. ஹோலிலோ வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், ஹுசைனின் கூட்டாளிகள் என்று எந்நேரமும் ஆள். யோசித்துப் பார்த்து மூட்டைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மிளகு அறையில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் ஹோலில் கால் வைக்காமலே போகலாம்.

முதல் மாதம் அழுதார். பிறகு ஒரு நாள் அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னேரம் அஸர் தொழுகைக்கு விரித்த முஸல்லா, பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்கியும் விரித்தபடியே கிடப்பதைக் கண்டார். யாரும் வரவில்லை. எழுந்து போக ஒரு காரணமும் இல்லை. அதன் ஓரத்தை மட்டும் மடித்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார். ஈரம் வரக்கூடாதென்று ஸமத் ஜன்னலில் பலகை அடித்திருந்தார். தேங்காய்க் கத்தி முனையால் ஒவ்வொரு ஆணியாகக் கிளப்பி அதையும் கழற்றினார். வெளியே வேறொன்றுமில்லை, கமுக மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும், சரிவும்தான். அது போதுமாக இருந்தது.

இத்தா முடிந்த அன்று குளித்து, நிறச் சீலை உடுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் நெய்ச்சோறு ஆக்கினார். பாத்திரம் கழுவி முடிந்தது. அஸர் ஆனது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் அப்படியே. வீட்டு வேலை ஒன்றும் குறையவில்லை. ஹுசைனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புகூட நேரத்துக்கு வந்தது. ஆனால் அஸரிலிருந்து மஃரிபு வரை நஸ்மியா இல்லை. தொலைபேசி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்து அடித்து ஓயும். சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்தார். கராம்புப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினார். பிளாஸ்க் ஒன்று, கோப்பை ஒன்று, கதிரை ஒன்று. இன்னொரு கதிரை போடவா மாமி என்று ஹுசைன் கேட்டதற்கு, வேண்டாம் மகன், பிறகு ஆள் வந்து உட்கார்ந்துவிடும் என்றார்.

ஸஹ்னா பயந்துபோனாள். வாப்பாவை நினைத்து உம்மா இன்னும் இத்தாவை விடவில்லை என்று முடிவுகட்டினாள். கடைத் தெருவில் வேறு கதை. ஸமத்தின் பெண்சாதியை மகன் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறானாம் என்று ஒருவன் ஸப்வானிடமே வந்து விசாரித்தான். கடைசியில் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் ஹோலில் உட்கார்ந்து, திரைக்கு அந்தப் பக்கம் நின்ற நஸ்மியாவுக்கு நிதானமாக விளக்கினார்: குறித்த காலத்துக்கு மேலே இத்தாவை நீட்டுவது மார்க்கத்தில் இல்லை.

"தெரியும் ஹஸ்ரத். இத்தா அண்டைக்கே முடிஞ்சிது. இப்ப நான் சும்மா இருக்கேன்."

"சும்மா எண்டா, ஓதிக்கிட்டா?"

"ஓதுவேன். சில நேரம் அதுவும் இல்ல."

ஹஸ்ரத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பும்போது ஸஹ்னாவைப் பார்த்து, "உம்மாக்கு ஒண்டும் இல்ல மகள். இத எங்க ஊட்டுல மட்டும் சொல்லிறாதீங்க," என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மிளகுக் காலம் வந்தது. கடையில் இடம் போதாமல் விறாந்தையில் மூட்டைகள் ஏறின. சாரல் அடித்தது. நஸ்மியா மாத்தளையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த அன்று, ஸப்வான் ஆட்களை விட்டு ஆறு மூட்டைகளை அறைக்குள் அடுக்கிவிட்டான். நஸ்மியா வந்து பார்த்தார். கலியாணச் சீலையை மாற்றிவிட்டு, பாயொன்றை விரித்து, முதல் மூட்டையை அதில் சரித்து இழுக்கத் தொடங்கினார். குசினி நடுவில் பாய் சிக்கியது. ஸஹ்னா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மறுமுனையைப் பிடித்தாள். ஆறு மூட்டையும் ஹோலுக்குப் போய், அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்தன.

கடையிலிருந்து வந்த ஸப்வான் அலுமாரியைச் சுற்றிப் பார்த்தான். இங்கே வைத்தால் மிளகு என்னத்துக்காகும் என்று கேட்டான்.

"நானும் வாப்பாவும் படுத்த எடம்தானே," என்றார் நஸ்மியா, வெங்காயம் உரித்துக்கொண்டு. "மனுஷருக்குப் போதுமெண்டா மொளகுக்கும் போதும்."

அவன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கவலையும் பொய்யில்லை. வாப்பா இல்லாமல் அவன் தனியாக வாங்கிய முதல் மிளகு அது. ஹோலின் தரை மழைக்கு வியர்க்கும்.

மறுநாள் அஸருக்குப் பிறகு அறைக் கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் யாரும் எந்தக் கதவையும் தட்டியதில்லை. நஸ்மியா வரச் சொன்னார். ஸப்வான் உள்ளே வந்து, உட்கார இடம் தேடினான். ஒரு கதிரை, அதில் உம்மா. கட்டிலில் மடித்த துணி கிடந்தது. முஸல்லாவை மிதிக்காமல் சுவரோரமாக நின்றான். சுவர் கதகதப்பாக இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். ஜன்னல் வழியே கமுக மரம் தெரிந்தது. அந்தப் பக்கம் அவன் சின்ன வயதிலிருந்தே பலகையைத்தான் பார்த்திருக்கிறான்.

"பாதியாவது தாங்களேன் உம்மா," என்றான். "இந்தப் போகத்துக்கு மட்டும்."

நஸ்மியா பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"அப்ப ஹோல்ல பலகை அடிச்சி, ஒசத்தி வைக்கவா? நான் படுக்கிற காம்பராலயும் ரெண்டு மூட்டை போடலாம். போட்டா சரியா?"

மிளகுக்கொடியில் ஒரு கிளி வந்து உட்கார்ந்து, கொத்தாமல் பறந்துபோனது. நஸ்மியா தேத்தண்ணியை ஊதினார்.

ஸப்வான் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு முஸல்லாவைச் சுற்றி நடந்து வெளியே போய், கதவைச் சத்தம் வராமல் சாத்தினான்.