ஒரு ஷெட், இரண்டு கடை

பார்லர் அக்கா எங்கள் தெருவில் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார், பக்கத்துக் கடைக்காரரைத் தவிர. அவர் ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பவர். எல்லோரும் அவரை ஸ்பார்க் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணப் பெண். அக்கா அவள் முடியில் பாதியைச் சுருட்டி முடித்திருந்த நேரம், ஸ்பார்க் பெரிய மோட்டார் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். இரண்டு கடைக்கும் பொதுவான ஃப்யூஸ் போய்விட்டது. கரண்ட் வருவதற்குள் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெண் ஒரு பக்கம் சுருட்டையும் மறுபக்கம் நேர்முடியுமாக அழுதுகொண்டே கிளம்பிப் போனாள்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல யாரு பாக்கப் போறா?" என்று ஸ்பார்க் வேறு கேட்டுவைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் அக்கா சுவரிடம்தான் சொல்வார். "சில பேரு பழைய இரும்பையெல்லாம் என் போர்டுக்கு முன்னாடி குவிச்சு வெச்சிருக்காங்க." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்: "சில பேரு விடுற ஷாம்பூ தண்ணியில என் வாசல் வழுக்குது."

வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. தெரு மாறத் தொடங்கியபோது யாருக்கும் அது உறைக்கவில்லை. மூலையில் இருந்த அச்சகம் போய் ஒரு காபிக் கடை வந்தது. அங்கே ஒரு நாற்காலி மாதிரி இன்னொன்று இருக்காது. "அந்தக் காபி விலைக்கு நான் முடி வெட்டி, சாயமும் போட்டு அனுப்புவேன்" என்று அக்கா சிரித்தார். அடுத்து இரண்டு ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு ஒரு அடுக்குமாடி எழுந்தது. அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களுக்கும் ஆசை வந்தது. மாடிகளில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக லாரியில் சாமான் ஏற்றின. ஏற்றிவிட்டு, கிளம்பும் முன்னால் பெண்கள் அக்காவிடம் வந்து முடியைத் திருத்திக்கொண்டு போனார்கள். "போற இடத்துல யாரு எப்படி வெட்டுவாளோ, தெரியலையே அக்கா" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தவர், தலைக்குச் சாயம் போட அக்காவைத் தவிர யாரையும் நம்பாதவர், மற்றவர்களைப் போலவே அவரும் பஸ்ஸின் கடைசி ஸ்டாப்புக்குக் குடி போனார். மத்தியான நேரங்களில் அக்காவின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

பிறகு கடை ஓனர் வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி" என்று ஆரம்பித்தார்.

"குடும்பம்னு சொன்னப்பவே ஏதோ கேக்கப் போறார்னு தெரிஞ்சுடுச்சு" என்று அக்கா பின்னால் சொன்னார். மூன்று மடங்கு வாடகை, இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். ஸ்பார்க்கின் கடையோடு சேர்த்து வரிசையாக உள்ள கடைகளை இடித்து ஒன்றாக்கி உடற்பயிற்சிக் கூடத்துக்கு விடப் போகிறாராம்.

"வீட்டு முன் அறையிலேயே நடத்தேன்" என்றார் கணவர். அவர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர், எதற்கும் பதறாத மனிதர். ஆனால் அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, அதுவும் வாடகை. தலை கழுவ ஒரு தொட்டி வைக்கக்கூட வழியில்லை.

அக்கா இடம் தேடி அலைந்தார். தண்ணீர் வரும் இடத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை, வாடகை கட்டுப்படியாகும் இடத்தில் தண்ணீர் வரவில்லை. ஒரு புரோக்கர் யோசனை சொன்னார்: "பார்லர்னு சொல்லாதீங்கம்மா. ஸ்டூடியோன்னு சொல்லுங்க. ஏரியா இப்ப வேற லெவல்."

"ஸ்டூடியோன்னா வாடகை குறையுமா?"

"கூடும்மா."

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்துவிட்டார். கணவர்தான் கழற்றிவிட்டார்.

பின் சந்தில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குச் சொந்த வீடு உண்டு. வீட்டைக் கேட்டு வந்த பில்டர்களிடமெல்லாம் "நான் இறங்குற ஸ்டாப் இன்னும் வரலே" என்று சொல்லி அனுப்பியவர். அவர் தன் கார் ஷெட்டை வாடகைக்கு விடப்போவதாகக் காதில் விழுந்ததும் அக்கா காலையிலேயே போனார். போனால், உள்ளே ஸ்பார்க் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"சில பேருக்கு மூக்குல எப்படி வேர்க்குது பாருங்க" என்றார் அக்கா, கண்டக்டரிடம்.

"முதல்ல வந்தது யாருன்னு கேளுங்க சார்" என்றார் ஸ்பார்க், அவரும் கண்டக்டரிடம்.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருக்கறது ஒரு சீட்டு, ஏறியிருக்கறது ரெண்டு பேரு. கொஞ்சம் நெருங்கி உக்காந்தா ரெண்டு பேருமே ஊர் போய்ச் சேரலாம். வாடகையும் பாதிப் பாதி. யோசிச்சு வைங்க, காபி போட்டுட்டு வர்றேன்." அவர் உள்ளே போய்விட்டார்.

ஷெட் நீளமானது. பின்கோடியில் குழாய், முன்னால் இரும்புக் கதவு. இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். சுவரோடு பேசிப் பழகியவர்களுக்கு நடுவில் இப்போது சுவர் இல்லை.

"தண்ணி பின்னாடிதான் இருக்கு. அப்ப என் கஸ்டமரெல்லாம் ஸ்க்ரூ மேல நடந்து வரணுமா?" என்றார் அக்கா, தரையைப் பார்த்து.

"ஓரமா வழி விடறேன். நடுவுல என் பீரோவைத் திருப்பி வெச்சா மறைவாவும் இருக்கும்." ஸ்பார்க் டேப்பைச் சுருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கரண்டுக்குத் தனித்தனி லைன் இழுத்துடறேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு விஷயத்துல தப்பு என்னுதுதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய்க் கொழுப்பு" என்றார்.

அக்கா பின்கோடிக்குப் போனார். குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நன்றாகவே வந்தது. "டேப்போட அந்த முனையைப் பிடிங்க. என் நாற்காலி சுத்தறதுக்கு இடம் வேணும்" என்றார்.

கண்டக்டர் காபியோடு வந்தபோது இருவரும் பீரோ எங்கே வருவது என்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். "அப்ப சரி" என்றார் அவர்.

கடை திறந்து கொஞ்ச நாள் சந்துக்குள் ஈ காக்கை வரவில்லை. வாரத்தில் கடைக்கு விடுமுறையான நாளில் அக்கா கத்தரி, சீப்பு, மேல்துணி, சாயப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைசி ஸ்டாப்புக்குப் பஸ் ஏறினார். ஆயா கதவைத் திறந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. "பாத்தியா, உன்னை விட்டுட்டு வந்து நான் கிழவி ஆயிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் அந்த முன் அறையில் எங்கள் பழைய தெருவே கூடிவிட்டது. ஒருத்தி தலையைக் கொடுத்துக்கொண்டே, "இங்க ஃபேன் ரிப்பேருக்குக்கூட ஆள் இல்லைக்கா" என்றாள். திரும்பி வரும்போது அக்காவின் ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஓடாத டேபிள் ஃபேன், அக்குளில் அயர்ன் பாக்ஸ்.

"என்ன, சீதனமா?" என்றார் ஸ்பார்க்.

"உங்களுக்குத்தான். ஒழுங்கா பண்ணிக் குடுங்க. என் மானம் இதுல இருக்கு."

அடுத்த முறை ஸ்பார்க்கும் கருவிப் பெட்டியோடு கூடவே போனார். கடைக்கும் மெல்ல ஆள் வரத் தொடங்கியது. அடுக்குமாடிப் பெண் ஒருத்தி உடைந்த மேஜை விளக்கோடு ஸ்பார்க்கிடம் வந்தாள். காத்திருக்கும் நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவள் அப்படியே அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் தோழிகளையும் கூட்டி வந்தாள். அவர்களோடு எப்படி ஒத்துப்போகிறது என்று நான் கேட்டேன். "அவங்களும் மனுஷங்கதானே, அவங்களுக்கும் முடி வளருது" என்றார் அக்கா.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. போன குடும்பங்கள் போனவைதான். உடற்பயிற்சிக் கூடமும் வரவில்லை. இடிப்பதாகச் சொன்ன கடைகள் பூட்டியே கிடக்கின்றன. அந்த வழியாகப் போகும்போது அக்காவுக்குக் கோபம் வரும். "தூசி குடியிருக்கறதுக்கா நம்மளைக் கிளப்பினாங்க?" என்பார். ஆனால் கண்டக்டர் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது முடியும்வரை யாரும் எழுப்ப முடியாது.

போன வாரம் ஆயா போன் செய்தார். அவர் வீட்டுக்கு எதிரே சின்ன அறை ஒன்று காலியாகிறதாம். வாரத்தில் இரண்டு நாள் அங்கேயும் திறந்தால் என்ன என்று பெண்கள் கேட்கிறார்களாம். அக்கா போனை வைத்தார். பீரோவைத் தட்டி, "உங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் இருவரும் இடம் பார்க்கக் கிளம்பினார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஸ்பார்க் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அங்கே எத்தனை பிளக் பாயிண்ட் தேவைப்படும் என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே போனார்.