பிரான்சு மணி

மூன்றாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டு நேரங்களில் நாங்கள் இயந்திரங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் பார்த்த அதிசயங்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம். ஒருத்திக்கு வீட்டுப்பாடம் எழுதித்தரும் பொம்மை வேண்டும். இன்னொருத்திக்கு உடுத்தினால் உடம்பு மறைந்துபோகும் பாவாடை. பாகூரிலிருந்து வருகிறவள் ஒரு கதவு கேட்டாள். திறந்தால் நேராகக் கடற்கரையில் கொண்டுபோய் விடவேண்டும், பஸ்ஸில் நிற்க அவளால் முடியாதாம். போன நேரத்துக்குத் திரும்பிப் போகிற இயந்திரத்தை யாராவது கேட்டால் மட்டும் நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். அது எங்கள் வீட்டில் இருந்தது. குருவிநத்தத்தில், கூடத்துச் சுவரில், பச்சை விளிம்போடு, ஒரு பென்சில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை மாட்டிய கடிகாரம் அது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாமா பிரான்சில் ஒரு கடையில் காவல் வேலை பார்த்தார். அவருடைய அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில், அந்த நாட்டுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் மாமாவுக்குக் குடியுரிமை இருந்தது. அத்தை அங்கே போவதற்கான காகிதங்கள் வந்துகொண்டே இருந்தன, வந்துசேரவில்லை. ஆகவே கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று எங்கள் மணி, மற்றொன்று பிரான்சு மணி. நாங்கள் மதியச் சோறு உண்ணும்போது பச்சைக் கடிகாரத்தில் காலைதான் ஆகியிருக்கும். அதை அண்ணாந்து பார்த்து, "உங்க மாமா இப்பதான் பல்லு வெளக்கினு இருப்பாரு" என்பாள் அத்தை. நமக்கு முடிந்துபோன காலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். அப்படிப் புரிந்துகொள்வதில் என்ன பிழை இருக்கிறது என்று இன்றுகூட என்னால் சட்டென்று சொல்லிவிட முடியாது.

அதைவிடப் பெரிய அதிசயம் ஆண்டுதோறும் ஐப்பசியில் நடந்தது. மாமா தொலைபேசியில் ஏதோ சொல்வார். அத்தை முக்காலியில் ஏறிப் பச்சைக் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டு மறுபடியும் மாட்டுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க கவர்மெண்ட்டே ஒரு மணி நேரத்த திருப்பிக் குடுத்துட்டாங்கடி" என்றாள். குளிர்காலத்துக்காக அங்கே எல்லோரும் கடிகாரத்தை மாற்றிவைக்கும் வழக்கம் அது. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஒரு நாட்டின் அரசாங்கம், கடந்துபோன நேரத்தை எடுத்து மக்களிடம் திருப்பிக் கொடுக்கிறது. நம்முடைய அரசாங்கம் தீபாவளிக்குச் சர்க்கரை கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டதே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த ஆண்டு அப்படி முள்ளைத் திருப்பி ஓரிரு வாரங்கள் ஆகியிருக்கும். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஆறு மாதமாக அம்மாவின் வயிற்றில் பாப்பா இருந்தது. பதினொரு மணி வாக்கில் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியிலிருந்து திரும்பும்போது பாசியில் வழுக்கி விழுந்தாள். அப்பாவும் அத்தையும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடம் மட்டும் வாசலில் ஒருக்களித்துக் கிடந்து மழைநீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மதியம் அத்தை மட்டும் திரும்பி வந்தாள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றாள். பாப்பா போயிடுச்சு என்றாள். எங்கே போனது என்று கேட்டேன். அவள் எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த வேளையில் தொலைபேசி அடித்தது. வேலைக்குக் கிளம்புமுன் மாமா வழக்கமாகப் பேசுகிற நேரம். பச்சைக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை.

ஓடிப்போய் எடுத்தேன். அங்கே இன்னும் பதினொன்று ஆகவில்லை.

"மாமா, அம்மா குழாயடில வழுக்கி வுழுந்துட்டாங்க. பாப்பா போயிடுச்சாம். ஆனா உங்களாண்ட இன்னும் பதினொண்ணு ஆவல, இல்ல?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ வண்டி போகும் ஓசை மட்டும் கேட்டது. அவர் காலையிலிருந்து பேசுகிறார், நான் மதியத்திலிருந்து கேட்கிறேன். இடையில் எந்த இடத்தில் காலை மதியமாக மாறுகிறது என்று எனக்குக் குழம்பியது. குழம்பிக்கொண்டிருக்க நேரமில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இப்ப வச்சிட்டுத் திரும்பப் போடுங்க மாமா. அம்மா எடுப்பாங்க. கொடத்தத் தூக்க வாணாம்னு சொல்லுங்க."

"அத்தையாண்ட குடுமா" என்றார் மாமா. அவர் குரல் சளிப் பிடித்ததுபோல் இருந்தது.

"அத்தை குளிக்கறாங்க. நீங்க மொதல்ல வைங்க."

"சரிமா" என்றார். "வக்கறேன்."

தொலைபேசி மறுபடியும் அடிக்கவில்லை. அதையே நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். இங்கே அடிக்கவில்லை என்றால் காலையில் அடித்திருக்கிறது என்றுதானே பொருள்? அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஓடிவந்து எடுத்திருப்பாள். திரும்பியபோது, ஈரத்தலையோடு அத்தை கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

பிரான்சு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, நான் பச்சைக் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பதினொன்று ஆகட்டும் என்றேன். அத்தை வற்புறுத்தவில்லை. மருத்துவமனைக்கு எடுத்துப் போகவேண்டிய துணிகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பச்சைக் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கியபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்தைக் கழற்றி, பின்புறத்துத் திருகைத் திருகி, முள்ளைப் பத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னொரு மணி நேரம் குடுத்திருக்காங்களாம்" என்றாள், என் பக்கம் திரும்பாமலேயே. "அதுக்குள்ள சாப்புட்டுடு."

அந்த அரசாங்கத்தின் தாராளத்தை எண்ணி வியந்தபடியே சாப்பிட்டேன். அப்படியே தூங்கியும்போனேன். கண்விழித்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. எந்தப் பதினொன்றும் மிச்சமில்லை.

அம்மா வீடு திரும்பியபோது அவளுடைய வயிறு பழைய வயிறாகியிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவளிடம், அன்றைக்குக் காலையில் மாமா தொலைபேசியில் பேசினாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். ஆக, அவர் சொல்லவில்லை. இவ்வளவு எளிதான காரியத்தை ஒரு பெரிய மனிதரால் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு தொலைபேசியில் அவர் என்னைக் கேட்டபோதெல்லாம், நான் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

பொங்கலுக்கு மாமா விடுப்பில் வந்தார். ஒவ்வொரு முறையும் வாசற்படி ஏறியதும், காலணியைக்கூடக் கழற்றாமல், பிரான்சு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் தம் கைக்கடிகாரத்தைப் பச்சைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இரண்டு நிமிடம் பிசகியிருந்தாலும், "இன்னாமே, புருசனை ரெண்டு நிமிசம் மறந்துட்டியா?" என்று அத்தையைச் சீண்டுவார். இந்த முறை அவர் கூடத்துக்குள் நுழையுமுன் நான் வழிமறித்து நின்றுகொண்டேன். அம்மா உள்ளறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

நான் எதைக் கேட்கிறேன் என்று அவர் யோசிக்கவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"போட்டேன்மா" என்றார். "மாமாதான் லேட் பண்ணிட்டேன்."

பிறகு, பழக்கத்தால்தான் இருக்கவேண்டும், கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார். எனக்கும் மணி பார்க்கத் தெரியும். அவர் கையில் பத்து. சுவரில் ஒன்பது. முள்ளைப் பத்துக்குத் திருப்பிய அன்றைக்குப் பிறகு அத்தை அதைத் தொடவே இல்லை. கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"செவுத்துல கரெக்டாதான் கீது" என்றார். "என்னுதுதான் முந்திப் போவுது."

சொல்லிவிட்டு, தம் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, பத்தை ஒன்பதாக்கிக்கொண்டார். நான் கோபத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். இதை அன்றைக்கே செய்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.