ஹோபர்ட்டின் சின்ன மோட்டார்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஏரி ஒன்றில், வெளியூர்களிலிருந்து வருகிறவர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போயே ஹோபர்ட்டின் இடுப்பு போய்விட்டது. வேகப் படகு அலையில் வாங்கும் அடியெல்லாம் இடுப்பில்தான் இறங்கும். படகுக் கடையில் அந்தப் படகைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு அலுமினியப் படகும் இருப்பதிலேயே சின்ன மோட்டாரும் கேட்டார்.

“என்னண்ணே, இதுல போனா ஆமை முந்திரும்!” என்றான் கடைக்காரன் கிளீடஸ்.

“முந்தட்டும்டா. ஓடி ஓடி அலுத்துப்போச்சு.”

வேகத்துக்குப் பயந்து இதுவரை படகில் கால் வைக்காத மனைவி லொரீன், மறுநாள் தானாகவே வந்து ஏறிக்கொண்டாள். பாஸ் மீனுக்கு இரையாக ரப்பர் புழுவை மாட்டித் தூண்டிலை வீசிய ஹோபர்ட், கழியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். சற்று நேரத்தில் ஒரு மீன் தூண்டில் நரம்பை இழுத்தது. லொரீன் அவரை எழுப்பவில்லை. கழியை மெல்லத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.